ஹாபர் எங்கட ஊரில, சாமான் வாறது மட்டும் கொழும்பால

திருகோணமலையில எந்தக் கடைவாசல்ல நிண்டாலும் இந்தக் கதை ஒருக்காவாவது காதில விழும், "உலகத்திலேயே நல்ல இயற்கைத் துறைமுகம் எங்களிட்ட, ஆனா ஒரு ஃபேன் வாங்கிறதெண்டாலும் அது கொழும்பச் சுத்தித்தான் வரோணும்" எண்டு. சொல்றது உண்மைதான். மத்திய வீதியில ஒரு இலெக்ட்ரிக் கடையில வச்சிருக்கிற சீன ஃபேன், சீனாவில கப்பல் ஏறி, கொழும்பில இறங்கி, கொழும்பின்ட மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில ஏதோ ஒரு ஸ்டோர்ல கொஞ்ச நாள் கிடந்து, லொறி ஏறி கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர் ஓடித்தான் இஞ்ச வந்து நிக்குது. ஏன் இப்பிடி எண்டு கேட்டா "அரசியல்" எண்டு ஒரே சொல்லோட முடிச்சுவிடுவாங்க. அரசியல் இல்லாம இல்ல, ஆனா அதைவிடப் பெரிய பங்கு கணக்குக்குத்தான். அந்தக் கணக்கைப் பாத்தா இன்னொண்டும் தெரியும், சாமானுக்கு விலை ஏறுறது கடல்ல இல்ல, தரையில.

முதல்ல, எங்கட ஹாபர் சும்மா கிடக்குதெண்டு நினைக்கிறதே பிழை. எங்கட ஹாபர்க் கரையில சீனக்குடா எண்ட இடத்தில பிறிமா மாவு ஆலை 80களில இருந்து ஓடுது. கோதுமைக் கப்பல் நேரா ஆலைட ஜெட்டியில வந்து கட்டும், தானியத்தை மெசின் போட்டு உறிஞ்சி சைலோவுக்குள்ள ஏத்துவாங்க, அரைச்ச மாவு நாடு முழுக்கப் போகும். அதால கொழும்பில ஒராள் காலமை சம்பலோட தின்னுற பாண் எங்கட ஊர் மாவில சுட்டதா இருக்கலாம், நாங்க கரண்ட் போனா தேடுற டோர்ச் லைட் மட்டும் அங்க இருந்து வரும். டோக்கியோ சீமெந்தும் இதே மாதிரித்தான், கிளிங்கர் எண்டு சொல்ற சுட்ட கட்டி கப்பல்ல குவியலா வருது, இஞ்சதான் அரைச்சுப் பையில கட்டுறாங்க. எண்ணெய்த் தாங்கிகள் உங்களுக்குத் தெரியும், வெள்ளைக்காரன் தன்ட கடற்படைக்கெண்டு கட்டினது, 2003ல இந்திய எண்ணெய்க் கொம்பனிட லங்கா ஐ.ஓ.சி. உள்ள வந்தது, 2022 ஜனவரியில 99 தாங்கியையும் பிரிச்சாங்க: 14 ஐ.ஓ.சிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்ச 61 ரெண்டு பேரும் சேந்த கொம்பனிக்கு.

இந்த மூண்டையும் சேத்துப் பாருங்கோ. கப்பல் முழுக்க ஒரே சாமான், வாங்கிறது ஒரே ஆள், ஜெட்டிக்குப் பக்கத்திலேயே ஆலையோ தாங்கியோ. இப்பிடி வாற சாமானுக்குத் தேவைப்படுறது ஆழமான தண்ணியும் அலையில்லாத குடாவும், அது ரெண்டும் எங்களிட்ட தாராளமா இருக்கு. ஆனா ஃபேன், பிளாஸ்க், செருப்பு, விளையாட்டுச் சாமான், பல்ப், போன் கவர் எல்லாம் வேற சாதி. ஒரே கப்பல்ல ஆயிரக்கணக்கான முதலாளிமார்ட சாமான் இருக்கும், ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம். அதெல்லாத்தையும் ஒண்டாக் கொண்டு வாறதுக்குத்தான் கொண்டெய்னர் எண்ட இரும்புப் பெட்டி வந்தது. 1956 ஏப்ரல்ல மல்கம் மக்லீன் எண்ட அமெரிக்க லொறிக் கொம்பனிக்காரர் ஐடியல் எக்ஸ் எண்ட கப்பல்ல 58 பெட்டிய ஏத்தி நியூவார்க்கில இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார், அதுதான் இதின்ட தொடக்கம். அதுக்கு முதல் மூட்டை, பீப்பா, மரப்பெட்டி எண்டு ஒவ்வொண்டா ஆக்கள் தூக்கி ஏத்தி இறக்கினது, கப்பல் கடல்ல ஓடுற நாளும் ஹாபரில கட்டிக் கிடக்கிற நாளும் கிட்டத்தட்ட ஒண்டு. பெட்டி வந்தாப் பிறகு கப்பல் கூலி அவ்வளவு விழுந்ததாலதான் இண்டைக்கு சீனாவில செய்த 300 ரூபாய் விளையாட்டுக் கார் கோயில் திருவிழாக் கடையில விக்குது.

எவ்வளவு மலிவெண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். 40 அடிப் பெட்டி ஒண்டுக்குக் கப்பல் கூலி 2000 டொலர் எண்டு வையுங்கோ. இது பேச்சுக்குச் சொல்றது, கூலி நிண்ட இடத்தில நிக்காது, கொவிட் நேரம் 2021ல பல மடங்கு ஏறினது. உள்ளுக்குச் சின்ன டோர்ச் லைட் 10,000 அடுக்கினா ஒண்டுக்குக் கூலி 20 சதம் டொலர். அதே பெட்டியில ஃபேன் 1500 பிடிக்கும் எண்டா, கழட்டி அடுக்கின ஃபேன்தான், ஒண்டுக்கு ஒரு டொலரும் முப்பது சொச்சம் சதமும். இப்ப அதே பெட்டியில தண்ணி டாங்கோ மெத்தையோ ஏத்திப் பாருங்கோ, கொண்டு வாறது முக்காவாசி காத்து. அதாலதான் தண்ணி டாங்க், பிளாஸ்டிக் கதிரை, மெத்தை எல்லாம் கூடுதலா இஞ்ச நாட்டுக்குள்ளயே செய்யிறாங்க, உருக்கி வாக்கிற பிளாஸ்டிக் மணி மட்டும் பையில வெளியில இருந்து வருது. டைல்ஸ் இதுக்கு நேர் எதிர், பெட்டியில பாதிக்கு மேல இடம் வெறுமையாக் கிடக்கும், ஆனா பாரம் முடிஞ்சிடும், அதுக்கு 20 அடிப் பெட்டிதான் தோது. என்ன சாமான் கடல் தாண்டி வரும், என்ன சாமான் வராது எண்டதை அரைவாசி தீர்மானிக்கிறது அதின்ட பருமனும் பாரமும்தான், அடுத்த அரைவாசியை வரி தீர்மானிக்கும், அதுக்குப் பிறகு வாறன்.

சரி, ஃபக்டரியில இருந்து தொடங்குவம். ஃபக்டரி எண்டோண்ண எல்லாரும் ஒரு பெரிய கொம்பனிய நினைப்பாங்க, ஆனா புறக்கோட்டைக்கு வாற சில்லறைச் சாமானில கனக்க, செஜியாங் மாகாணத்தில யீவு எண்ட ஊர்ச் சந்தையில ஓடர் பண்ணுறது. ஊசி, சீப்பு, பட்டாசு லைட், ஹெயார் கிளிப், சாவிக்கொத்து, எல்லாத்துக்கும் அங்க வரிசை வரிசையாக் கடை, ஒவ்வொரு கடைக்குப் பின்னாலயும் எங்கேயோ ஒரு ஃபக்டரி. கொழும்பு முதலாளிமார் முந்தி நேரா போய் வந்தவை, இப்ப பாதி வேலை வீசட் எண்ட சீன ஃபோன் அப் கோல்ல முடியுது. டைல்ஸ், தளபாடம் எண்டா தெற்கால ஃபோஷான் பக்கம். காசு குடுக்கிற முறை பெரும்பாலும் ஒண்டுதான், ஓடர் குடுக்கேக்குள்ள 30 வீதம், சாமான் கப்பல் ஏறினதுக்குக் கப்பல் கொம்பனி குடுக்கிற பி.எல். எண்ட கடதாசிட கொப்பியக் காட்டினாப் பிறகு மிச்சம் 70 வீதம். செய்து முடிக்க ஒரு மாசம், ஒன்றரை மாசம் போகும்.

இதில கவனிக்க வேண்டியது காசு எவ்வளவு காலம் மாட்டுப்படுது எண்டதுதான். ஓடர் குடுத்த நாள்ல போன 30 வீதம், சாமான் வித்துக் காசாகித் திரும்பி வர மூண்டு நாலு மாசம் ஆகும், சில வேளை அதுக்கும் மேல. இந்தக் காசுக்கு வட்டி ஓடிக்கொண்டு இருக்கு. அதோட சீனப் புதுவருசம் எண்டு ஒண்டு இருக்கு, ஜனவரிக் கடைசியிலயோ பெப்ரவரியிலயோ வரும், ஃபக்டரி எல்லாம் கிழமைக்கணக்காப் பூட்டிடுவாங்க, வேலைக்காரர் ஊருக்குப் போனா எல்லாரும் திரும்பி வருவாங்க எண்டும் இல்ல. எங்கட பெரிய சீசன் சித்திரைப் புத்தாண்டு, அதுக்கான சாமான் அந்தப் பூட்டுக்கு முதலே வெளிக்கிட்டிருக்கோணும். கிண்ணியா, மூதூர் பக்கம் நோன்புப் பெருநாள் வியாபாரமும் இந்த நாள்க் கணக்குக்குள்ளதான் வருது, ஏனெண்டா நோன்பு வருசா வருசம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டே போகும், சீனாக்காரன்ட லீவும் அதுவும் கிட்டக்கிட்ட வந்தா ஓடர் குடுக்கிற முதலாளிக்குத் தலையிடிதான்.

பருப்பையும் ஒருக்காச் சொல்லோணும், எல்லாம் சீனா இல்ல. நாங்க தினமும் சோத்தோட தின்னுற மைசூர்ப் பருப்பு இலங்கையில விளையிறதே இல்ல. கனடாவில இருந்தும் அவுஸ்திரேலியாவில இருந்தும்தான் கூடுதலா வருது. கனடாவில சஸ்கச்சுவான் எண்ட மாகாணத்து வயல்ல விளைஞ்சு, ரயில் ஏறி மலையத் தாண்டி வான்கூவர் பக்கம் வந்து, கப்பல் ஏறி பசிபிக்கைக் கடந்து வருது. எங்கட ஊர் ஆக்கள் ரொறொன்ரோவுக்குப் போய்ச் சேந்தாங்க, அங்கத்தைய பருப்பு எங்கட சட்டிக்கு வந்து சேருது, நல்ல கொடுக்கல் வாங்கல். முழுசா வாறதைக் கொழும்புப் பக்கத்து ஆலைகள்ல உடைச்சு தோல் எடுத்துப் பையில போடுறதும் உண்டு. பால்மாவும் இந்த மாதிரித்தான், நியூசிலாந்தில இருந்து பெரிய பையில வந்து பியகமவில சின்னப் பக்கட்டாகுது.

இப்ப கடல். தென்சீனத்தில இருந்து வாற கப்பல் மலாக்கா நீரிணையக் கடந்து, இந்து சமுத்திரத்தைக் குறுக்கால வெட்டி, இலங்கைட தெற்கு முனைய ஒட்டி மேற்கால போகும், ஐரோப்பாவுக்கோ வளைகுடாவுக்கோ. கொழும்புக்கு ரெண்டு கிழமை அளவில வந்திடும். அந்தப் பாதையில இருந்து கொழும்புக்கு ஒதுங்கிறது பெரிய விலகல் இல்ல. திருகோணமலைக்கு வரோணும் எண்டா வடக்கால ஏறி வந்து, பிறகு திரும்பத் தெற்கால இறங்கிப் போகோணும். பெரிய கப்பலுக்கு ஒரு நாள் எண்டா எண்ணெய்ச் செலவும் கப்பல் வாடகையும் பல பத்தாயிரம் டொலர், அதுக்குத் தக்கமாதிரி இஞ்ச ஏத்தி இறக்க ஆயிரக்கணக்கில பெட்டி இருந்தா வருவான், நூறு பெட்டிக்கு ஏன் வரப்போறான். கொழும்பில வருசத்துக்கு 20 அடிக் கணக்கில 70 லட்சம் பெட்டிக்கு மேல கையாளுறாங்க, அதில பெரும்பகுதி இலங்கைக்கே இல்ல, முக்கியமா இந்தியாவுக்குப் போற வாற பெட்டிய ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்கு மாத்துறது. அந்த மாத்துற வியாபாரம் இருக்கிறதாலதான் பெரிய கப்பல் அங்க வருது, பெரிய கப்பல் வாறதாலதான் எங்கட ஃபேனும் மலிவா வந்து இறங்குது. பெட்டிக் கப்பல் போற இடம் ஆழத்தைப் பாத்து இல்ல, வேற பெட்டி எங்க இருக்கெண்டு பாத்து. சந்தை கூடுற இடத்துக்குத்தான் வியாபாரி போவான், மரநிழல் நல்லா இருக்கெண்டு வெறும் வெளியில கடை விரிக்க மாட்டான்.

இது இண்டைக்கு நேத்து வந்த விசயமும் இல்ல. கொழும்பு இயற்கையான ஹாபரே இல்ல, 1875ல அத்திவாரம் போட்டு அலைதடுப்புச் சுவர் கட்டித்தான் அதை ஒரு ஹாபராக்கினாங்க. எங்கட குடா கடவுள் தந்தது, அது கடவுள் தராததை மனுசன் கல்லுக் கொட்டிச் செய்தது. ஏன் வெள்ளைக்காரன் அவ்வளவு கஷ்டப்பட்டவன்? மலையில விளைஞ்ச கோப்பியும் பிறகு தேயிலையும் ரயில்ல இறங்கினது கொழும்புக்கு. சாமான் இருக்கிற இடத்தில ஹாபரைக் கட்டினான். திருகோணமலைய அவன் கடற்படைக்கெண்டு வச்சிருந்தான், 1957ல விட்டுட்டுப் போற வரைக்கும் இஞ்ச வியாபாரக் கப்பலுக்கு ரெண்டாம் இடம்தான். பிறகு முப்பது வருசப் போர், அந்தக் காலத்தில எந்தக் கப்பல் கொம்பனி இஞ்ச காசு போட்டு கிரேன் பூட்டப் போகுது. கொழும்பில அதே காலத்திலதான் ஜய கொண்டெய்னர் முனையம் வளந்தது, 2013க்குப் பிறகு கொழும்பிலயே தெற்குப் பக்கம் கட்டின புது ஹாபரில சீனாக்காரன்ட முனையம், 2025ல மேற்கு முனையம். ஒருக்கா பிந்தினா பிந்தினதுதான், இந்த விசயத்தில முந்தினவனுக்குத்தான் எல்லாம் போய்ச் சேரும்.

கப்பல் வந்திட்டு எண்டு சாமான் வந்திட்டு எண்டு அர்த்தம் இல்ல. பி.எல். எண்ட கடதாசி யாரிட கையில இருக்கோ அவன்தான் சாமானுக்குச் சொந்தக்காரன், அது பேங்க் வழியா வருதெண்டா பேங்குக்குக் காசு கட்டினாத்தான் கடதாசி கைக்கு வரும். இதை நாங்க எல்லாரும் 2021லயும் 2022லயும் உடம்பால படிச்சம். பருப்பு, சீனி, பால்மா எல்லாம் கொழும்பு ஹாபரில வந்து இறங்கி நிண்டது, ஆயிரத்துக்கு மேல பெட்டி, ஆனா பேங்கில டொலர் இல்ல, கடதாசி வெளியில வரேல்ல, பெட்டி திறக்கேல்ல. கடையில பருப்பு இல்ல, ஹாபரில பருப்பு நிறைஞ்சு கிடந்தது. அதோட டெமரேஜ் எண்டு ஹாபர் இடவாடகை ஒரு பக்கம், பெட்டியப் பிந்தித் திருப்பிக் குடுக்கிறதுக்குக் கப்பல் கொம்பனி அடிக்கிற தண்டம் இன்னொரு பக்கம், ரெண்டும் நாளுக்கு நாள் ஏறும். கடைசியில வெளியில வந்த பருப்பில அந்த வாடகையும் சேந்துதான் எங்கட தலையில விழுந்தது. அந்த நேரம் டொலர் 200ல இருந்து 360க்கு ஓடினது, ஓடர் குடுக்கேக்குள்ள போட்ட கணக்கு கடதாசி எடுக்கேக்குள்ள பொய்யாப் போன முதலாளிமார் கன பேர்.

பிறகு கஸ்டம்ஸ். இதுதான் நான் தரையில விலை ஏறுது எண்டு சொன்ன இடம். ஒவ்வொரு சாமானுக்கும் எச்.எஸ். கோட் எண்டு ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பர்தான் வரியைத் தீர்மானிக்கும், அதாலதான் இது "சமையல் பாத்திரமா" "அலங்காரப் பொருளா" எண்டு, முதலாளிக்காகச் சாமானை கஸ்டம்ஸ்ல இருந்து வெளியில எடுக்கிற கிளியரிங் ஏஜென்டும் கஸ்டம்ஸ் ஒஃபிசரும் மணித்தியாலக் கணக்கில வாதாடுறது. சாமான் விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூண்டையும் கூட்டி வாற தொகைய சி.ஐ.எஃப். எண்டுவாங்க. அது 1000 ரூபாய் எண்டு வையுங்கோ. சுங்கத்தீர்வை 20 வீதம் விழுற சாமான் எண்டா 200. துறைமுக விமானநிலைய வரி 10 வீதம் எண்டா 100. இப்ப வற் வரி, 2024 ஜனவரியில இருந்து 18 வீதம், ஆனா அது வெறும் 1000க்கு இல்ல, 1000க்கு மேல முதல்ல 10 வீதம் கூட்டி 1100 ஆக்கி, அதோட மற்ற வரிகளையும் கூட்டி, வந்த 1400க்குப் போடுவாங்க, 252 ரூபாய். அதே 1400க்கு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம், 35 ரூபாய். எல்லாம் சேத்து 587. இதில செஸ் வரி சேரேல்ல, உள்ளூரில செய்யிற சாமானுக்குப் போட்டியா வாறதுக்கு அதுவும் விழும். வரிக்கு மேல வரி எண்டு சனம் சொல்றது ஏதோ கோபத்தில சொல்றதில்ல, கணக்கே அப்பிடித்தான் கட்டியிருக்கு. வற் பதிஞ்ச வியாபாரி தான் கட்டின வற்றைத் தன்ட விற்பனை வற்றில கழிச்சுக்கொள்ளுவான், ஆனா கடைசியில கடையில காசு குடுக்கிற ஆளுக்குக் கழிக்க ஒண்டும் இல்ல.

டோர்ச்சுக்குக் கப்பல் கூலி 20 சதம் டொலர் எண்டு மேல சொன்னதை இதோட வச்சுப் பாருங்கோ, எது பெரிசெண்டு விளங்கும்.

சாப்பாட்டுச் சாமான் சிலதுக்கு வழி வேற. சீனி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, நெத்தலிக் கருவாடு மாதிரி சாமானுக்கு 2007ல வந்த சட்டப்படி விசேட வியாபாரப் பண்ட வரி எண்டு கிலோவுக்கு இவ்வளவு எண்டு ஒரே வரி, மற்ற வரி ஒண்டும் இல்ல. இதை அரசாங்கம் வர்த்தமானி ஒண்டால ஒரே ராவில மாத்தலாம். 2020 ஒக்டோபர்ல சீனிக்கு இருந்த கிலோ 50 ரூபாய் வரிய 25 சதமாக்கினாங்க, கடையில விலை அந்தளவுக்கு இறங்கினதைக் கண்டவர் யார்? 2023 நவம்பர்ல 25 சதத்தைத் திரும்ப 50 ரூபாயாக்கினாங்க, அடுத்த நாளே விலை ஏறிப்போச்சு, பழைய வரியில வந்த சீனி ஸ்டோர் ஸ்டோராக் கிடக்கேக்குள்ளயே. இறக்குமதி வியாபாரத்தில உண்மையான லாபம் எங்க இருக்கெண்டு கேட்டா எனக்குத் தோணுறது இதுதான், சாமான்ல இல்ல, எப்ப சாமான் ஸ்டோர்ல இருக்கு எண்டதில. மஞ்சளையும் மறந்திருக்க மாட்டீங்க, 2020ல இறக்குமதிய நிப்பாட்டினோண்ண கிலோ ஆயிரங்களுக்குப் போய், இந்தியாவில இருந்து படகில கடத்திற சாமானாகினது. 1969ம் ஆண்டு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, நிப்பாட்டுறதும் திறக்கிறதும் அதுக்குக் கீழதான்.

கஸ்டம்ஸ் முடிஞ்சா புறக்கோட்டை. போனவர்களுக்குத் தெரியும், முதலாம் குறுக்குத் தெருவில இலெக்ட்ரிக் சாமான், ரெண்டாம் குறுக்குத் தெருவில துணி, கெய்சர் தெருவில பிளாஸ்டிக்கும் ஃபேன்சியும், நாலாம் குறுக்குத் தெருவில வெங்காயம், பருப்பு, சீனி மொத்தம், செட்டியார் தெருவில நகை. லொறிக்கும் கைவண்டிக்கும் நடுவில நாட்டாமிமார் மூட்டையத் தலையில வச்சுக்கொண்டு "வழி வழி" எண்டு கத்திக்கொண்டு போவாங்க. வெளியில பாத்தா ஒரே குழப்பம், ஆனா நாட்டில பாதிச் சாமான்ட விலை அண்டண்டைக்கு இஞ்சதான் முடிவாகுது. இறக்குமதிக்காரன் பெட்டிக் கணக்கில மொத்த வியாபாரிக்குக் குடுப்பான், அவன் கார்ட்டன் கணக்கில எங்கட ஊர்க் கடைக்காரருக்குக் குடுப்பான், ஒரு கையில இருந்து அடுத்த கைக்கு மாறேக்குள்ள ஒவ்வொருத்தனும் தன்ட வீதத்தை வைப்பான்.

ஆனா வீதத்தை விட முக்கியம் கடன். திருகோணமலைக் கடைக்காரர் ஒராள் ராப் பஸ்ஸில போய் விடியக் கோட்டையில இறங்கி, பின்னேரத்துக்குள்ள சாமான் எடுத்து முடிச்சார் எண்டா அவர் கையில காசு கட்டுக்கட்டா இருக்கெண்டு இல்ல, செக் புத்தகம் இருக்கு. 30 நாள், 45 நாள், 60 நாள் பிந்தின திகதி போட்ட செக்கை எழுதிக் குடுத்திட்டு வருவார். இந்த வியாபாரம் முழுக்க அந்தச் செக்கில ஓடுது, அதாவது நம்பிக்கையில. செக் திரும்பினா அந்த ஆளுக்கு அந்தத் தெருவே மூடிப்போகும். எத்தனையோ வருசமா எடுத்துப் பழகின கடைக்காரருக்குக் குடுக்கிற விலையும் புது ஆளுக்குச் சொல்ற விலையும் ஒண்டில்ல. சீனாவில நேராப் போய் எடுத்தா மலிவு எண்டு சொல்றவர்கள் இதை யோசிக்கிறது குறைவு, சீனாக்காரன் முன்காசு கேப்பான், புறக்கோட்டைக்காரன் பின்காசுக்குத் தருவான். கொஞ்சம் கூட விலை குடுக்கிறம் எண்டா அது அந்த 60 நாளுக்கான வட்டி.

எடுத்த சாமானை எல்லாம் கட்டி, மேல மார்க்கர் பேனையால கடைப் பேரும் திருகோணமலை எண்டும் எழுதி, லொறி ஏத்திற இடத்தில குடுத்திட்டு வந்தாச் சரி. பத்துப் பதினைஞ்சு கடைட சாமான் ஒரே லொறியில ஏறும். ராவில வெளிக்கிட்டு, குருநாகல், தம்புள்ள, ஹபரண, கந்தளாய் எண்டு வந்து விடியக்குள்ள இஞ்ச நிக்கும். ஹபரணைக்கு இங்கால யானை குறுக்கால வந்தா லைட்டை நிப்பாட்டிக் கொண்டு நிக்கிறது தவிர வேற வழியில்ல. லொறிக்காரனுக்குத் திரும்பிப் போகேக்குள்ள மாவோ சீமெந்தோ மீனோ கிடைச்சா கூலி கொஞ்சம் இறங்கும், வெறும் லொறியாப் போனா போற செலவையும் வாற சாமான்லதான் வைப்பான்.

கொம்பனி பேர் உள்ள சாமானுக்கு இந்தப் புறக்கோட்டை ஓட்டம் இல்ல. பால்மா, சோப்பு, பிஸ்கட் எல்லாத்துக்கும் மாவட்டத்துக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பார், சேல்ஸ் ரெப் கிழமையில குறிச்ச நாள் கடைக்கு வந்து டப்லெட்டில ஓடர் எடுப்பார், அடுத்த நாள் வான் வரும். விலை பக்கட்டில அடிச்சிருக்கும், கடைக்காரருக்கு நிக்கிறது சின்ன வீதம்தான். அதால கடைக்காரர் உண்மையா உழைக்கிறது விலை அடிக்காத சாமான்ல, அந்த ஃபேன்லயும் பிளாஸ்கிலயும். வளைகுடாவில வேலை செய்யிற ஆக்கள் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் கார்கோவில அனுப்புற பெட்டி இந்த எல்லாத்தையும் தாண்டிக் குதிக்கிற வழி, புறக்கோட்டையும் இல்ல ரெப்பும் இல்ல, கொழும்பு கார்கோ ஸ்டோர்ல இருந்து நேரா வீட்டு வாசலுக்கு வருது.

டொலர் இறங்கினா ஏன் விலை இறங்கிறதில்ல எண்டு எல்லாரும் கேக்கிறது. ஒரு பக்கம் நியாயம் இருக்கு, 360க்கு எடுத்த சாமான் ஸ்டோர்ல கிடக்கேக்குள்ள 300க்கு விலை போட்டா முதலாளிக்கு நட்டம், அது முடியுமட்டும் இழுப்பான். ஆனா ஏறேக்குள்ள அதே ஆள் பழைய சாமானுக்குப் புது விலை போடுறான், அந்த நேரம் "ஸ்டோர்ல பழசு கிடக்கு" எண்ட கதை வெளியில வராது. இதுக்கு நான் நியாயம் கற்பிக்க மாட்டன்.

கடைசியா அந்த முதல் கேள்வி, கொண்டெய்னர் கப்பல் நேரா எங்கட ஹாபருக்கு வந்தா ஃபேன் விலை எவ்வளவு குறையும்? கொழும்பில இருந்து ஒரு லொறி 80,000 ரூபாய் எண்டு வையுங்கோ, 400 ஃபேன் ஏத்தினா ஒண்டுக்கு 200 ரூபாய். குறையிறதெண்டா கூடினபட்சம் அந்த 200தான், வரி இஞ்ச இறக்கினாலும் அதே வரி, சின்னக் கப்பல் எண்டா கடல் கூலி வேற கூடும். அதால விலைக்காக இந்தச் சண்டைய பிடிக்கிறது வீண். எங்களுக்குப் போற உண்மையான நட்டம் வேற: கிளியரிங் வேலை, ஸ்டோர், பெட்டி அடுக்கிற யார்ட், பெட்டி இழுக்கிற பிறைம் மூவர், பேங்க் கொமிசன், இறக்குமதிக்காரன்ட லாபம் எல்லாம் கொழும்பில நிண்டுபோகுது, எங்கட பொடியளுக்கு இதில கிடைக்கிற வேலை மூட்டை இறக்கிறதும் கடையில நிக்கிறதும். ரெண்டு மூண்டு கடைக்காரர் சேந்து ஒரு பெட்டிய தாங்களே ஓடர் பண்ணி, கொழும்பில கிளியர் பண்ணி, பெட்டியோடயே இஞ்ச இழுத்துக் கொண்டுவந்து இறக்கலாம். புறக்கோட்டை வீதம் மிச்சம், ஆனா அந்த 60 நாள் கடன் இல்லாமப் போகும், வரி நம்பர், கஸ்டம்ஸ் பதிவு, பேங்கில நல்ல பேர் எல்லாம் முதலே இருக்கோணும், பிறகு வெறும் பெட்டிய குறிச்ச நாளுக்குள்ள திரும்பக் கொழும்பு யார்ட்டில கொண்டுபோய்க் குடுக்கோணும், அந்த 260 கிலோமீட்டருக்கும் கூலி கட்டுறது அவங்கதான்.